சேராத லென்ஸ்

மூணாறில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தபோது, முதலாளியின் கேமராவும் என்னுடையதும் ஒரே கம்பெனி. அதனால் என் லென்ஸ் அவருக்கும் பொருந்தும். கல்யாணத்துக்குக் கல்யாணம் கேட்டு வாங்கிக்கொள்வார். நான் எடுத்த படங்களும் அவர் பெயரில்தான் வெளியே போகும். ஒரு வீட்டில் என்னைக் காட்டி, "இது லைட்டு பிடிக்க வர்ற புள்ள" என்றார். அன்றே விலகினேன்.

புது மிரர்லெஸ் கேமரா வாங்கப் போனபோது எல்லோரும் ஒரே பேச்சு: "பழைய கம்பெனியே எடு, அவசரத்துக்கு லென்ஸ் மாத்திக்கலாம்." நான் வேறு கம்பெனி எடுத்தேன். முதலில் லென்ஸைத்தான் தேர்ந்தெடுத்தேன். எங்கள் எஸ்டேட் கோயில்கள் இருட்டு, ஃபிளாஷ் அடித்தால் பூசாரி முறைப்பார். ஜூம் வேண்டாமென்று, குறைந்த வெளிச்சத்துக்கு ஏற்ற முப்பத்தைந்து எம்.எம்., எண்பத்தைந்து எம்.எம். என இரண்டு லென்ஸ் வாங்கினேன். கேமராவில் கம்பெனிப் பெயர் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன்.

சூரியநெல்லியில் ஒரு கல்யாணம். பெண் வீட்டுக்கு நான், மாப்பிள்ளை வீட்டுக்கு பழைய முதலாளி. வெளியே மூடுபனி, கோயிலுக்குள்ளே மங்கலான வெளிச்சம். பூசை தொடங்குமுன் பூசாரி, "ஃபிளாஷ் கூடாது" என்றார். முதலாளி ஜூமில் எடுத்ததெல்லாம் கறுத்துப் போயிற்று. மெல்ல என் பக்கம் வந்தார்.

"தங்கச்சி, ஒரு லென்ஸ் குடேன். தாலி கட்டு முடிஞ்சதும் தந்துருதேன்."

"எடுத்துக்கிடுங்கண்ணே" என்று பையிலிருந்த எண்பத்தைந்தைக் கொடுத்தேன்.

தன் லென்ஸைக் கழற்றிவிட்டு அதைத் திருகினார். பிடிக்கவில்லை. மறுபடி திருகினார்.

"என்ன புள்ள, உக்கார மாட்டேங்குது?"

"நான் கம்பெனி மாத்தி நாளாச்சுண்ணே. நீங்க இரவல் கேக்கக் கூடாதுன்னுதான் மாத்துனேன்."

அவர் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் தாலி ஏறியது. அவர் கையில் வாய் திறந்த கேமரா. என் ஷட்டர் சத்தமே இல்லாமல் ஓடியது.

மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தேடி வந்தார். தாலி கட்டும் படத்தை நேராக அவரிடமே கொடுத்தேன், ஓரத்தில் என் பெயரோடு. முதலாளி தன் ஸ்டுடியோ வழியாகக் கேட்டபோது தரவில்லை.

வீட்டில் அம்மா திட்டினாள். "கோயிலுக்குள்ள நின்னு ஒருத்தன் பொழப்புல மண்ணு போடலாமாடி?"

ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் சோறு ருசியாக இறங்கியது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.