இரண்டாம் பாகத்துக்கு மன்னிப்புக் கேட்டவர்

மோமியாமா சுனேகிச்சிக்கு வீடியோ கேம் என்றால் என்னவென்றே தெரியாது. அந்தத் தகுதியைப் பார்த்துத்தான் எங்கள் நிறுவனத்தில் அவரை விற்பனைத் தலைவராகப் போட்டிருக்க வேண்டும். அதற்கு முன் இருபது வருடம் ஒசாகாவில் வீடு வீடாக வாக்யூம் கிளீனர் விற்றவர். தலையில் எண்ணெய், பையில் இரண்டு கைக்குட்டை, எந்த நேரமும் குனியத் தயாராக ஒரு முதுகு. எங்கள் கேமில் துப்பாக்கியே கிடையாது என்பது அவருக்குத் தெரியவர இரண்டு வருடம் ஆயிற்று. தெரிந்ததும், "அப்ப இதுல என்னதான் பண்றாங்க?" என்று என்னிடம் கவலையோடு விசாரித்தார்.

நான் ஹமுரா செட்சுகோ. 'ஏழாம் கலங்கரை' என்ற அந்த கேம் தொடருக்குக் கதை எழுதியவள். உள்கடல் தீவு ஒன்றில் கலங்கரை விளக்கத்தின் காவலாளி ஒருவர் ஊராரிடம் பேச்சுக் கொடுத்து, பூட்டிய கதவுகளைத் திறந்து, காணாமல் போன படகுகளின் மர்மத்தைக் கண்டுபிடிப்பார். முதல் பாகம் நாங்களே எதிர்பார்க்காத அளவுக்கு ஓடியது. உடனே இரண்டாம் பாகம் வேண்டும் என்றார்கள். அதில் ஒரு கொலை வைத்தேன். கொலைகாரன் யார் என்பது கடைசி அத்தியாயத்தில் தெரியும். அந்த அத்தியாயத்தை மட்டும் தொண்ணூறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதைப் படமாக வரைந்து கேமுக்குள் ஏற்ற மூன்று மாதம் கேட்டார்கள். மோமியாமா நாள்காட்டியைப் பார்த்தார். வருடக் கடைசியில் எல்லோர் கையிலும் போனஸ் இருக்கும். அந்த வியாபாரத்தை விட முடியாது. கடைசி அத்தியாயத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரே ஒரு வரியைப் போடச் சொன்னார். அதையும் அவரே எழுதித் தந்தார்: "பிறகு உண்மை வெளியே வந்தது. எல்லோரும் நிம்மதியாக வீடு திரும்பினார்கள்."

இருபது மணி நேரம் விழுந்து விழுந்து விளையாடியவர்களுக்கு இந்த வரி எவ்வளவு நிம்மதி தந்தது என்று ஜனவரியில் தெரிந்தது. விளையாடியவர்கள் கருத்து எழுதி அனுப்ப கேம் பெட்டிக்குள் நாங்கள் வைத்திருந்த அட்டைகள் மூட்டை மூட்டையாக வந்தன. நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் அட்டை நிறைய 'யார் கொன்னது' என்று மட்டும் எழுதியிருந்தான். மார்ச்சுக்குள் இரண்டாம் பாகம் கடைவாசல் தள்ளுபடிக் கூடைக்கு வந்துவிட்டது. கூடைக்கு வந்த கேமை யாரும் கையில் எடுப்பதில்லை. சில கடைகளில் பேட்டரி வாங்கினால் அது இலவசம். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேட்டரியை மட்டும் வாங்கிக்கொண்டு போனவர்களை நானே பார்த்தேன்.

கதை எழுதியவர் என்று பெட்டியின் முதுகில் என் பெயர்தான் இருந்தது. ஆகவே ஊர் கண்ணில் அந்த ஒரு வரியை எழுதியது நான். இல்லை என்று சொல்லவும் வழியில்லை. எங்கள் ஊரில் தப்பு நடந்தால் குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். காரணம் சொன்னால் அது சாக்கு. சாக்கு சொல்கிறவளுக்கு அடுத்த வேலையை யாரும் தர மாட்டார்கள்.

இருந்தும் மூன்றாம் பாகம் எழுதினேன். வெட்டி எறிந்த அந்தத் தொண்ணூறு பக்கத்தை முதல் அத்தியாயமாக வைத்து எழுதினேன். நான் எழுதியதிலேயே சிறந்தது அது. அடக்கமாகச் சொல்ல வேண்டிய இடம் இது என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் முதலாளி ஓனுகி அதைப் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒசாகாவில் எங்கள் கேமை விற்கும் முப்பத்தொரு கடைகளும் சேர்ந்து முன்கூட்டியே ஆயிரம் பெட்டி கேட்டால் வெளியிடலாம், கேட்காவிட்டால் தொடரை மூடிவிடலாம் என்றார். இங்குள்ள கடைக்காரர்கள் கேட்பதைப் பார்த்துத்தான் மற்ற ஊர் மொத்த வியாபாரிகள் கேட்பார்கள். மூடினால் எனக்குச் சீட்டாட்ட கேம்களுக்கு விளக்கப் புத்தகம் எழுதும் வேலை காத்திருந்தது.

மோமியாமா ஒரு வழி கண்டுபிடித்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். ஒவ்வொரு கடையாகப் போய் இரண்டாம் பாகத்துக்கு மன்னிப்புக் கேட்பது. கையில் இனிப்புப் பெட்டி. இந்த விஷயத்தில் மட்டும் அவர் பெரிய மேதை. சின்னத் தப்புக்கு பிஸ்கட், நடுத்தரத் தப்புக்குப் பயறு வைத்த பன், பெரிய தப்புக்கு யோகான் என்கிற கெட்டியான பயற்று இனிப்பு. தப்பு எவ்வளவு கனமோ பெட்டியும் அவ்வளவு கனமாக இருந்தால்தான் வாங்குகிறவருக்கு நம் வருத்தம் கையில் தெரியுமாம். எங்களுக்காக அவர் வாங்கியது கடையிலேயே கனமான யோகான். அதைச் சுமந்தது நான்.

கடைக்குள் நுழைந்ததும் என்னை முன்னால் நிறுத்துவார். "இரண்டாம் பாகத்தை எழுதினவங்க" என்பார். இரண்டு பேரும் குனிவோம். எங்கள் எல்லோருடைய முயற்சியிலும் குறை இருந்துவிட்டது என்பார். கடைக்காரர் இனிப்புப் பெட்டியைக் கையில் வாங்கி எடை பார்ப்பார், முகம் மாறும், மூன்றாம் பாகத்தில் மூன்று பெட்டி எடுத்துக்கொள்கிறேன் என்பார். ஒன்பது கடை ஏறி இறங்கினோம். ஒன்பதிலும் மூன்று. எனக்குக் கையும் வலித்தது, ஏன் மூன்றே மூன்று என்றும் புரியவில்லை. மோமியாமாவுக்கு மட்டும் எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, யாரும் முகத்தில் அடித்தாற்போலப் பேசவில்லையே என்று திருப்தி.

பத்தாவது கடை நிப்போன்பாஷி கடைத்தெருவில் நகுரா அம்மாவுடையது. புருஷன் போன பிறகு தனியாகக் கடை நடத்துகிறவர், அறுபது தாண்டியிருக்கும். வாயில் எந்நேரமும் ஒரு துண்டு உலர்ந்த கடற்பாசி. யோகானைக் கையில் வாங்கினார், உடனே மேஜைமேல் வைத்துவிட்டார்.

"இது என்ன இந்தக் கனம் கனக்குது? மூணாவது பாகமும் அவ்வளவு மோசமா? முன்கூட்டியே மன்னிப்புக் கேக்க வந்துட்டீங்களா?"

ஒன்பது கடைக்காரர்களும் மனதுக்குள் நினைத்துக்கொண்டது அதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. புது கேமை விற்க வந்தவன் கையில் யோகானோடு வந்தால் வேறு எப்படி நினைப்பார்கள்? மரியாதை தெரிந்தவர்கள், அதனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் மூன்றாம் பாகத்தை நானே கையில் சுமந்துபோய்ப் புதைத்துக்கொண்டிருந்தேன்.

மோமியாமா பதறிப்போய் மூன்றாம் பாகம் பிரமாதம் என்றார். போன தடவையும் இதே வாயால் இதையேதான் சொன்னீர்கள் என்றார் அந்த அம்மா. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, கெடுத்தது இந்தப் பெண்தானா என்று கேட்டார். நான் வழக்கம்போலக் குனிய ஆரம்பித்தேன். மோமியாமா வழக்கம்போல, எங்கள் எல்லோருடைய முயற்சியிலும் என்று ஆரம்பித்தார்.

"உங்க கம்பெனியில 'எல்லாரும்'னு ஒருத்தர் வேலை பாக்கறாரா? அவரை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. எனக்கு அவர்கிட்ட நாலு வார்த்தை பேசணும்."

மோமியாமா முகத்தைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார். நான் பாதி குனிந்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் இப்போதும் என் தலையில்தான் போடப் போகிறான் என்று நினைத்தேன். இரண்டு வருடக் கோபம் எனக்கு.

"இந்தப் பொண்ணு முடிவை எழுதிக் கொடுத்திருச்சும்மா" என்றார் மோமியாமா. "தொண்ணூறு பக்கம். வருஷக் கடைசி வியாபாரம் போயிடுமேன்னு அதைத் தூக்கச் சொன்னது நான். அந்த ஒரு வரியும் நான் எழுதினதுதான்."

நகுரா அம்மா கடற்பாசியை வாயின் மறுபக்கம் ஒதுக்கினார்.

"ரொம்ப மட்டமா எழுதியிருக்கீங்க."

"ஆமாம்மா."

பிறகு அவர் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, யார் கொன்றது என்று கேட்டார். அந்த அம்மா இரண்டாம் பாகத்தை விளையாடியிருக்கிறார். அதுவும் இரண்டு தடவை, முதல் தடவை ஏதோ கதவைத் தவறவிட்டுவிட்டோம் என்று நினைத்து. நான் அங்கேயே நின்றபடி தொண்ணூறு பக்கத்தையும் சொன்னேன். வந்த வாடிக்கையாளர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டார். மோமியாமாவும் வாயைப் பிளந்து கேட்டார். அவருக்கும் அன்றைக்குத்தான் கொலைகாரன் யார் என்று தெரியும். முடித்ததும் அறுபது பெட்டி எழுதிக்கொள்ளச் சொன்னார் நகுரா அம்மா. தனக்குச் சர்க்கரை இருக்கிறது, யோகானைத் திருப்பி எடுத்துப் போங்கள் என்றார்.

இந்த இடத்தில் மோமியாமா திருந்தினார் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவர் விற்பனைக்காரர், அறுபது பெட்டி விற்றுத் தந்த வசனத்தை விடுவாரா? பதினோராவது கடையிலும் அதையே சொன்னார். பதினாலாவது கடையில் 'நான்' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட்டார். இருபதாவது கடை வருவதற்குள் கண்ணில் நீர் வரவழைக்கப் பழகியிருந்தார். முதல் ஒன்பது கடைகளுக்கும் இனிப்பு இல்லாமல் மறுபடி போய் மறுபடி சொன்னார். நான் எழுதிய எந்த வசனத்தையும் யாரும் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. மொத்தம் தொள்ளாயிரத்துச் சொச்சம் வந்தது. மிச்சத்தை முதலாளி கண்டுகொள்ளவில்லை.

மூன்றாம் பாகம் நான்கு நாளில் தீர்ந்துபோனது. இன்னும் ஆயிரக்கணக்கில் விற்றிருக்கும், ஆனால் இரண்டாம் பாகத்துக்குப் பயந்து எல்லோரும் குறைவாகவே கேட்டிருந்ததால் யாரிடமும் சரக்கு இல்லை. மறுபடி தயாரித்து வர இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் ஜனங்கள் வேறு கேமுக்குப் போய்விட்டார்கள். இரண்டாம் பாகத்தின் பாவத்துக்கு மூன்றாம் பாகம் தண்டம் கட்டியது. பத்திரிகைக்காரர்கள் மட்டும் அலுவலகத்துக்கு வந்தார்கள். மோமியாமாவைப் படம் எடுத்து, 'உண்மை பேசும் விற்பனைக்காரர்' என்று போட்டார்கள். அந்தக் கட்டுரையில் என் பெயரைத் தப்பாக அச்சடித்திருந்தார்கள்.

நான்காம் பாகத்துக்குக் கடைகளே கூப்பிட்டுக் கேட்டன. முதலாளிக்கு வாயெல்லாம் பல். கூட்டம் போட்டு, இந்த வருடக் கடைசிக்குள் கேம் வந்தாக வேண்டும் என்றார். கடைசி அத்தியாயம் நான் இன்னும் எழுதவே இல்லை, மூன்று மாதம் வேண்டும் என்றேன். சுருக்கமாக ஏதாவது போட்டு முடித்துவிடலாமே என்று சொல்லிவிட்டு மோமியாமாவைப் பார்த்தார். எல்லோரும் மோமியாமாவைத்தான் பார்த்தோம். இந்தக் கேள்விக்கு அவர் பதில் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துக்கொண்டு நான் பேனாவை மூடிவிட்டேன்.

"மார்ச்சுல வெளியிட்டுக்கலாம், முதலாளி" என்றார் அவர். முதலாளி ஏன் என்று கேட்டார். மோமியாமா கைக்குட்டையை எடுக்கவில்லை, குனியவும் இல்லை.

"முப்பத்தோரு கடையில நான்தான் கெடுத்தேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அழுதது நடிப்பா இருக்கலாம். சொன்னது நிஜம். இன்னொரு தடவை அதையே போய்ச் சொன்னா, என்னை யாரும் கடைக்குள்ளயே விட மாட்டாங்க."

அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியதே எனக்கு எரிச்சலாக இருந்தது. படிக்கட்டில் வழிமறித்துச் சொல்லித் தொலைத்தேன். பரவாயில்லை, மூன்று மாதத்தில் முடித்துவிடுவீர்களா என்று கேட்டார். முடித்துவிடுவேன் என்று பொய் சொல்லிவிட்டு, மேலே போய்க் கடைசி அத்தியாயத்தின் முதல் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன்.