சகரத்தில் உயிரோடு இருந்தவர்

நாட்டின் முக்கியமான மனிதர்களை அகர வரிசையில் தொகுக்கும் ஒரு வாழ்க்கை வரலாற்று அகராதிக்கு, பழனி மலைப் பகுதியின் குறிப்புகளை எழுதித் தருகிறவன் நான். கொடைக்கானலில் வரலாற்று வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒப்புக்கொண்டது. சில வருடங்களில் முடிந்துவிடும் என்றார்கள். நான் ஓய்வு பெற்று, கண்புரையும் எடுத்தாகிவிட்டது. அகராதி போன மாதம்தான் முடிந்தது. முடிந்தது என்று சொல்லக்கூடாது, நிறுத்திவிட்டார்கள்.

இறந்தவர்கள் மட்டுமே அதில் இடம்பெறலாம். அதுதான் முதல் விதி. ஆகவே ஒவ்வொரு தொகுதியும் அச்சுக்குப் போகுமுன், அந்த எழுத்தில் பெயர் தொடங்குகிறவர்களில் யார் யார் போய்விட்டார்கள் என்று விசாரிக்க வேண்டும். பெருமாள்மலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் என் கண் முதலில் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குத்தான் போகும். பூண்டியில் பூண்டு காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர் என்னைக் கண்டதும் மகனிடம், "ஏலே, சார் வந்துட்டாரு. இங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்னு சொல்லு" என்றார். நானும் சிரித்தேன். இப்போது சிரிக்க முடியவில்லை.

இந்த மலையிலிருந்து அகராதிக்குள் போனவர்கள் பெரும்பாலும் பங்களா கட்டியவர்கள், பள்ளிக்கூடம் நிறுவியவர்கள். கூலிக்காரர் ஒருவரையாவது உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம். அதற்கு ஒருவர் இருந்தார். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு அனுப்பப்பட்டு, இங்கே காட்டில் மரப்பட்டை உரிக்க வந்து, ஒரு குத்தகைக்காரரிடம் கொத்தடிமையாக மாட்டிக்கொண்டவர். தன்னோடு மாட்டியிருந்தவர்களையெல்லாம் ஒன்றுசேர்த்து, கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து மீட்டார். அடி வாங்கியதில் ஒரு காது கேட்காமல் போனது. மற்றவர்களுக்கு வீட்டுமனை வாங்கிக் கொடுத்த பிறகுதான் தனக்கு வாங்கினார்.

அவர் கதையை அவர் வாயாலேயே கேட்டு எழுதி வைத்தேன். பெயர் சகரத்தில் தொடங்கும். சகரத் தொகுதி அச்சுக்குப் போனபோது மனிதர் உயிரோடு இருந்தார். "மாஸ்டர், ஒங்க புஸ்தகத்துக்காக நான் சாக ஏலாது" என்றார். சிலோனில் வாத்தியாரை மாஸ்டர் என்பார்களாம். கடைசித் தொகுதிக்குப் பிறகு பிற்சேர்க்கை ஒன்று வரும், விட்டுப்போனவர்கள் அதில் வருவார்கள் என்று சொன்னேன். தலைமை அலுவலகம் எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தது.

நாலு வருடம் கழித்து அவர் இறந்தார். குறிப்பை அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். அவர் மனைவி என்னை மார்க்கெட்டில் பார்க்கும்போதெல்லாம் "அவரு வந்துட்டாரா, மாஸ்டர்?" என்று கேட்பார். வந்துகொண்டே இருக்கிறார் என்பேன்.

போன மாதம் அலுவலகத்திலிருந்து போன். கடைசித் தொகுதியோடு சரி, பிற்சேர்க்கை கிடையாதாம். இப்போதெல்லாம் யார் சார் புத்தகம் பார்க்கிறார்கள் என்றார் அந்த அதிகாரி. திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. ஒரு ஆயுசு முழுக்கப் பங்களாக்காரர்களுக்குக் கணக்கப்பிள்ளையாக இருந்துவிட்டேன் என்று தோன்றியது. இன்னும் அப்படித்தான் தோன்றுகிறது.

மறுநாள் அவர் மனைவியைப் பார்க்கப் போனேன். காரட் கழுவும் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். பால் இல்லாமல் வெறும் தேயிலைச் சாயத்தண்ணி போட்டுக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அகராதியின் விதியை மட்டும் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"அந்தப் புஸ்தகம் அச்சுக்குப் போகையில அவரு செத்திருந்தா, உள்ள இருந்திருப்பாருங்களா?"

"இருந்திருப்பாரு."

"அது எந்த வருசம்?"

"மழையில மண்ணு சரிஞ்சு ரோடு மூடிக் கெடந்துச்சே, அந்த வருசம்."

அவர் அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்து அணைத்தார்.

"அந்த மழையிலதான் நெஞ்சு வலின்னு விழுந்தாரு. நான்தான் ஒருத்தர் கால்ல விழுந்து ஜீப்பப் புடிச்சு, காட்டுப் பாதையில வெரசாக் கீழ கொண்டுபோயிப் பொழைக்க வச்சேன்."

"நல்லதுதானே செஞ்சீங்க" என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"எனக்கு நாலு வருசம் கெடச்சுச்சு, மாஸ்டர்" என்றார். "அவருக்குத்தான் ஒண்ணுமில்லாமப் போச்சு."