பச்சை டேப்பை எடுத்தவள்

அந்தச் சுவரேறும் கூடத்தில் அவளுக்கு ஒரே பெயர்தான்: டேப்பக்கா. சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ எழுதியிருக்கும், அதை யார் பார்த்தார்கள். மூன்று மாடி உயரச் சாம்பல் நிறச் சுவர்கள், அவற்றில் திருகி மாட்டிய நூற்றுக்கணக்கான பிடிகள், ஒவ்வொரு பிடிக்கும் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு டேப் துண்டு. சிவப்பு டேப் இருக்கும் பிடிகளை மட்டும் பிடித்து உச்சிக்குப் போனால் அது சிவப்புப் பாதை. நடுவில் பச்சை டேப் பிடியில் கை பட்டுவிட்டால் கதை கந்தல், இறங்கி முதலிலிருந்து ஏற வேண்டும். டேப் ஒட்டுவதும், பாதை மாறும்போது பழையதை உரிப்பதும்தான் அவள் வேலை.

இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களை அவள் ஏணியில் ஏற்றி, ஒரே ஒரு துண்டை உரிக்கச் சொல்வாள். அவசரத்தில் வெடுக்கென்று இழுப்பார்கள், டேப் பாதியில் கிழியும், பசை சுவரிலேயே தங்கும். பசையில் ஏறுபவர்கள் கைக்குப் பூசும் சுண்ணப்பொடியும் அழுக்கும் ஒட்டிக் கறுத்து, இல்லாத பாதை ஒன்று இருப்பதுபோல் பல்லை இளிக்கும். இவளோ ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் பிசிறு நூல் எடுத்தவள். சுவரோடு சுவராகப் படுக்கவைத்து, நிதானமாக இழுப்பாள். மிச்சமிருக்கும் பசையை, உரித்த டேப்பையே உருண்டையாக்கி ஒற்றி எடுப்பாள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒட்டும்போது துண்டின் ஒரு நுனியைக் கொஞ்சம் மடித்து வால் மாதிரி விடுவாள், பிறகு உரிக்க நகம் உடையாது. சிவப்புக்கு இடப்பக்கம் வால், பச்சைக்கு வலப்பக்கம். ஏணியில் தலைக்கு மேல் கையை நீட்டித் தடவினாலே எது எதுவென்று தெரியும். இது அவளுடைய வசதிக்காக அவளே வைத்துக்கொண்டது, யாரிடமும் சொன்னதில்லை.

அவளுடைய தம்பியும் அங்கேதான் ஏறுவான். கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை அவனுக்கு, முப்பத்து நான்கு வயது, அக்கா வீட்டு மாடி அறையில் வாசம். வேலை முடிந்ததும் நேராகச் சுவருக்கு வந்துவிடுவான். கூடத்தில் பயிற்றுநர் இடம் ஒன்று காலியானபோது அவன் சோறு தண்ணி மறந்தான். நிபந்தனை எளிதுதான்: தேர்வாளர் முன்னால் மூன்று பாதைகளைத் தப்பில்லாமல் ஏற வேண்டும், அவர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். தவறினால் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.

தேர்வுக்கு முந்தின நாள் மேலாளர் வந்து, படம் எடுக்க ஆள் வருகிறார்கள், அந்த வால்கள் அசிங்கமாக இருக்கின்றன, வெட்டிவிடுங்கள் என்றார். அவள் முணுமுணுத்துக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்து எல்லா வாலையும் ஒட்ட நறுக்கினாள்.

மறுநாள் தம்பி சிவப்புப் பாதையின் நாலாவது பிடிக்குப் பதில் பச்சைப் பிடியில் கையை வைத்துவிட்டான். இரண்டு வருஷமாகத் தப்பே செய்யாதவன். பதற்றம் என்றார்கள் எல்லோரும். அவளும் அப்படித்தான் நினைத்தாள், வழி நெடுகத் திட்டிக்கொண்டே வீட்டுக்குக் கூட்டிப் போனாள். சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தவன் தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"அக்கா, அந்த வாலை எதுக்கு வெட்டின?"

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. சிவப்பும் பச்சையும் அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரே நிறம். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை எல்லோரும் சிரித்தார்கள், அன்றோடு வாயை மூடிக்கொண்டான். சுவரில் எந்தப் பக்கம் வால் இருக்கிறது என்று பார்த்துத்தான் இரண்டு வருஷமாக ஏறிக்கொண்டிருந்தான்.

டேப்பக்காவுக்குப் பழையதெல்லாம் நினைவுக்கு வந்தது. தக்காளி வாங்கி வரச் சொன்னால் காயும் பழமுமாக அள்ளிக்கொண்டு வருவானே, கண்ணைப் பிடரியிலா வைத்திருக்கிறாய் என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசவில்லையே இந்தப் படுபாவி. தன் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். நிறம் தெரியாதவனுக்குப் பயிற்றுநர் வேலையா என்று விரட்டிவிடுவார்களாம். மறுபடியும் வால் வைத்துவிடு என்றான். அவள் மறுத்தாள்.

"அது திருட்டுத்தனம்டா. நீ நிமிர்ந்து ஏறணும். டேப்பையே மாத்துறேன்."

அடுத்த நாள் சாயங்காலம் கூடத்திலிருந்த ஒன்பது நிற டேப் சுருளையும் பையில் போட்டுக்கொண்டு வந்து சமையலறைத் தரையில் பரப்பினாள். ஒன்றுபோல் தெரிவதையெல்லாம் ஒன்றாக வை என்றாள். சிவப்பு, பச்சை, பழுப்பு ஒரு குவியல். இளஞ்சிவப்பும் சாம்பலும் ஒரு குவியல். வெள்ளையைத் தனியாக வைத்தான், ஆனால் சுண்ணப்பொடி படும் சுவரில் வெள்ளை எதற்கு உதவும் என்று அவளே அதைத் தள்ளினாள். கடைசியில் நீலமும் மஞ்சளும் கறுப்பும் நின்றன. திருப்பித் திருப்பி, தூரத்தில் வைத்து, விளக்கை அணைத்து ஏற்றி ஆறு தடவை கேட்டாள். ஆறு தடவையும் சரியாகச் சொன்னான்.

மறுதேர்வுக்குப் புதுப் பாதைகள். அவற்றுக்கு இந்த மூன்று நிறமும்தான் என்று, பிடிகளை மாட்டிப் பாதை போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தாள். அவர் தலையை ஆட்டினார். ஆட்டியதோடு சரி. தேர்வன்று காலை ஏழு மணிக்கு அவள் உள்ளே நுழைந்தால், மனிதர் முந்தின நாளே தன் கையால் டேப்பும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். சிவப்பு, பச்சை, பழுப்பு. அதுவும் புதிதாக வந்த முரட்டு டேப், ஒட்டினால் உயிரே போனாலும் விடாத ஜாதி.

எண்ணிப் பார்த்தாள். அறுபத்து மூன்று துண்டுகள். பத்து மணிக்குத் தேர்வு. மலைத்து நிற்க நேரமில்லை, ஏணியைச் சாய்த்து ஏறிவிட்டாள்.

ஆறாவது துண்டில் மேலாளர் வந்தார். யாரைக் கேட்டு உரிக்கிறீர்கள், பச்சைக்கு என்ன குறைச்சல் என்று குதித்தார். சத்தியம் நாக்கைக் கட்டியிருந்தது. அவள் இறங்கி வந்து, அவருடைய செல்போனை வாங்கி, சுவரைக் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்து நீட்டினாள்.

"சார், இதுல எது செவப்பு, எது பச்சைன்னு காட்டுங்க பார்ப்போம்."

அவர் பெரிதாக்கிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். எல்லாத் துண்டுகளும் ஒரே சாம்பலாக இருந்தன.

"இங்க வர்ற சில பேருக்கு ரெண்டும் இப்படி ஒண்ணாத்தான் தெரியும் சார். வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு தப்புத் தப்பா ஏறிட்டு, அப்புறம் வர்றதே இல்ல."

மேலாளர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்பதே முக்காலுக்குள் முடித்தால் சரி, முடியாவிட்டால் பழையபடி பச்சையையே ஒட்டிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உடை மாற்றும் அறையிலிருந்த ஹேர் டிரையரை நீண்ட வயரில் மாட்டி ஏணியில் தொங்கவிட்டாள். சூடு காட்டி, நுனியைக் கிளப்பி, படுக்கவைத்து இழுத்தாள். அவசரம் கழுத்தைப் பிடித்தது, ஆனால் கையை அவசரப்பட விடவில்லை. ஒன்று கிழிந்தால் பசை எடுக்கவே ஐந்து நிமிஷம் போய்விடும் என்பது அவளுக்குத்தான் தெரியும். வலது கட்டைவிரல் நகம் பிளந்தது, நடுவிரலை வைத்துக்கொண்டாள். உரித்ததை உரித்ததோடு உருட்டி, பசை ஒற்றி, புது டேப்பை ஒட்டினாள். இந்த முறை வால் வைக்கவில்லை. கடைசி மஞ்சள் துண்டை அழுத்திவிட்டு இறங்கியபோது ஒன்பது நாற்பத்திரண்டு. உரித்த டேப் உருண்டை தேங்காய் அளவுக்கு ஆகியிருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

தம்பி வந்து சுவரை அண்ணாந்து பார்த்தான். வால் எதுவும் இல்லை. பிறகு நிறங்களைப் பார்த்தான். கையில் சுண்ணப்பொடியைப் பூசிக்கொண்டான். நீலத்தை ஏறினான், கறுப்பை ஏறினான், மஞ்சளில் உச்சிப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். ஒரு விரல்கூடத் தப்பாகப் படவில்லை. 

தேர்வாளர் நரைத்த தலை, கறார் பேர்வழி. தம்பி இறங்கியதும் தாளைப் பார்த்துக் கேட்டார்: பயிற்சிக்கு வருகிற ஒருவர் திரும்பத் திரும்ப வேறு பாதைப் பிடியைப் பிடித்தால் என்ன செய்வீர்கள்? கவனம், நிதானம், மறுபடி செய்துகாட்டுவது என்று எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கும் பதில் ஒன்று உண்டு. அவனும் மனப்பாடம் செய்திருந்தான், முந்தின நாள் அவளிடம் ஒப்பித்தும் காட்டினான். இப்போது அதை விட்டுவிட்டான்.

"முதல்ல அவருக்கு அந்த நிறம் தெரியுதான்னு கேப்பேன் சார். எனக்குச் செவப்பும் பச்சையும் தெரியாது. போன தடவை அதனாலதான் தோத்தேன்."

 டேப்பக்கா மடியிலிருந்த உருண்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்போ இன்னைக்கு எப்படி ஏறினீங்க?"

தம்பி அவள் பக்கம் கையைக் காட்டினான். எல்லாத் தலைகளும் திரும்பின. ஒருநாளும் யாருக்கும் பேச்சில் சளைக்காதவள் சுருக்கமாக முடித்துக்கொண்டாள்.

"பச்சையை எடுத்துட்டேன் சார். அவ்வளவுதான்."

தேர்வாளர் சுவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். தாளில் தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தம்பியிடம் கொடுத்துவிட்டு மேலாளர் பக்கம் திரும்பி, மற்றச் சுவர்களில் பச்சையை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டார். மேலாளர் பதில் சொல்வதற்குள் டேப்பக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஹேர் டிரையரின் வயரைச் சுருட்டியபடி அடுத்த சுவருக்கு நடந்தாள். தம்பி பின்னாலேயே ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான்.