மூன்று பட்டைத் தர்ப்பை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அத்தை தினமும் ராஜபாளையத்துக்குப் போய்த் தாவரவியல் படித்தாள். விடியுமுன் எழுந்து தண்ணீர் தூக்கி, சமைத்து வைத்துவிட்டு, நின்றபடியே பஸ்ஸில் போய் நின்றபடியே திரும்புவாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு. வீட்டு ஆசாரத்துக்கு ஒரு குறை வந்தாலும் அன்றோடு படிப்பு நின்றுவிடும் என்று அவளுடைய அண்ணாவான என் அப்பா சொல்லியிருந்தார்.

கல்லூரியோடு திருச்செந்தூர் போனபோது கடற்கரை மணலில் பிடுங்கிய செடி ஒன்றைச் செய்தித்தாளில் மடித்துக் காயவைத்திருந்தாள். மறுநாள் அட்டையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். புல்லா, கோரையா என்று தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தாள். புல்லானால் உருளும். இதற்கு மூன்று பட்டை. உச்சியில் தவிட்டு நிறத்தில் உருண்டையாக ஒரு கொத்து.

"கோரைதான்டி," என்று கொட்டாவி விட்டாள். அலுப்பில் பொட்டலத்தை அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

விடிந்தால் அமாவாசை. எங்கள் வீட்டில் தர்ப்பையும் அதே அலமாரியில், செய்தித்தாளில் சுற்றித்தான் இருக்கும். நான் பல் தேய்த்துவிட்டு வந்தபோது அப்பா தாத்தாவுக்குத் தர்ப்பணம் செய்துகொண்டிருந்தார். தரையில் தவிட்டு நிறக் கொத்து கிள்ளிக் கிடந்தது. மோதிர விரலில் பவித்திரமாக முடிந்திருந்தது அத்தையின் கோரை.

எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானத்தை நான் சும்மா விடுவேனா?

"அப்பா, அது தர்ப்பை இல்லே! அத்தையோட கோரை. மூணு பட்டை, உருளாது. உருட்டிப் பாரேன்!"

கையில் மிச்சமிருந்த தண்டை அப்பா உருட்டினார். உருளவில்லை. அத்தையை நிமிர்ந்து பார்த்தார்.

"தர்ப்பைதான் அண்ணா. பழசு, அதான் வெறைச்சுண்டிருக்கு," என்றாள் அத்தை.

"சரி," என்று அப்பா எள்ளும் தண்ணீரும் விட்டார்.

வெறும் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு அத்தை கிளம்பினாள். வாசலில் என் தொடையில் ஒரு கிள்ளு. படித்தவள் இப்படிப் புளுகுகிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. இருந்த களைப்பில் அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

அந்த அமாவாசையன்றே மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்தேன். அப்பா மறுபடியும் குளித்து, ஈர வேட்டியோடு, பக்கத்து வீட்டில் வாங்கிய புதுத் தர்ப்பையை விரலில் முடிந்துகொண்டு முதலிலிருந்து தொடங்கியிருந்தார்.

"அத்தைகிட்டே சொல்லிடாதே," என்றார்.

நான் சொல்லவில்லை. காலையில் செய்ததையே மறந்துபோய் மறுபடி செய்கிறார், பாவம், வெளியே தெரிந்தால் வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.