கிடா தின்ற அரளி

எங்கள் வீட்டு முன்னால் அரளி வைத்தது அப்பாதான். நாமகிரிப்பேட்டையில் புது வீடு கட்டி முடித்ததும், லாரி ஓட்டிப் பழகிய அவர் கண்ணுக்கு பைபாஸ் நடுவில் வரிசையாகப் பூத்து நிற்கும் செடிதான் அழகாகப் பட்டிருக்கிறது. தண்ணீர் கேட்காது, ஆடு வாய் வைக்காது. எங்கிருந்தோ கிளை ஒடித்துவந்து வேலியாக நட்டுவிட்டார்.

வீட்டில் ஒரு கிடா இருந்தது. எனக்கு டெங்கு வந்து பிழைத்தபோது அம்மா முனியப்பனுக்கு நேர்ந்துவிட்டது. வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததாலேயே அதன்மேல் எனக்குப் பாசம் கொஞ்சம் கூடுதல். கோயிலில் பொங்கல் வைத்து அதை வெட்ட நான்கு நாள் இருந்தது. அப்பா கத்தரித்துக் குவித்த அரளித் தழை வெயிலில் வாடிக் கிடந்தது. நாளெல்லாம் சோளத்தட்டையே மெல்லும் கிடாவுக்கு விருந்து வைப்பதாக எண்ணி, ஒரு கை அள்ளிப் போட்டேன்.

மத்தியானம் கிடா பல்லை நறநறவென்று கடித்தபடி படுத்துவிட்டது. கால்நடை டாக்டர் வந்து, “என்னங்க தின்னுச்சு?” என்றார். சோளத்தட்டுதான் என்று அப்பா சத்தியம் செய்யாத குறை. சொன்னால் அடி விழும், சொல்லாவிட்டால் கிடா செத்துப்போகும்.

“நாந்தானுங்க அரளி போட்டேன்.”

“ஆடு அரளி திங்காதுங்களே,” என்றாள் அம்மா.

“பச்சையா இருந்தாக் கசக்குமுங்க, தொடாது. வாடிருச்சுன்னாத் தின்னுரும். வெசம் மட்டும் அப்படியே இருக்கும்,” என்றார் டாக்டர்.

அடி விழவில்லை. அப்பா கிடாவின் தலையை மடியில் வைத்து வாயைப் பிடிக்க, டாக்டர் கரித்தூள் கரைத்த தண்ணீரைப் புகட்டி ஊசியும் போட்டார். “முனியப்பா, எம் புள்ளையக் காப்பாத்து” என்று அம்மா அழுதுகொண்டே அதன் காலைத் தேய்த்தாள். நான் நன்றாகத்தானே நிற்கிறேன் என்று எனக்குக் குழப்பம்.

சாயங்காலம் கிடா எழுந்து நின்றது. “மருந்து ஏறியிருக்குதுங்க, கொஞ்ச நாளைக்குக் கறிக்கு ஆகாது,” என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பினார். அந்தப் பொங்கல் சேவலோடு முடிந்தது. முனியப்பன் கிடாவை மன்னித்துவிட்டார் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

அதன்பிறகு அதற்குக் கடலைக்கொடி, புண்ணாக்கு என்று ராஜ உபசாரம். அப்பா லாரியிலிருந்து இறங்கியதும் முதலில் கிடாவிடம்தான் போவார். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்திச் சதை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். அவருக்கும் என்னைப்போலவே அதன்மேல் உயிர் என்று நினைத்து, நானும் அழுத்திப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சொல்வேன்:

“நேத்தைக்கு இன்னிக்கு நல்லாத் தேறியிருக்குதுங்கப்பா.”