கையெழுத்துக்காகச் சாப்பிட்ட சோறு

பெங்களூர் தொம்மலூரில் நான் தங்கிய பெண்கள் பிஜி விடுதியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது. குளியலறை வடிகாலில் யார் யாருடைய தலைமுடியோ சுருண்டு கிடக்கும். சாம்பாரில் வெல்லத்தைப் போட்டுக் கொல்வார்கள். ஆனால் இலங்கையில், தேயிலைத் தோட்டத்து லயம் என்கிற வரிசை வீட்டில், ஒரே கழிவறைக்கு ஏழு குடும்பம் வரிசையில் நின்று வளர்ந்தவள் நான். முடியும் வெல்லமும் இரண்டே நாளில் பழகிவிட்டன. பழகாதது வேறு.

எம்.எஸ்ஸி. படிக்க வந்திருந்தேன். வெளிநாட்டு மாணவர்கள் வந்த இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு, 'இவர் என் வீட்டில்தான் தங்கியிருக்கிறார்' என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். அது இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். எங்கள் வீட்டுக்கார ஆன்ட்டி மூன்று தலைமுறையாகப் பெங்களூர்த் தமிழ். ஃபோனில் கன்னடம், எங்களிடம் தமிழ். அப்பாடா, நம்ம ஆள் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், பரிமாறிக்கொண்டே கேட்டார்.

"உங்க பாட்டன் பூட்டன்லாம் இந்தியாதானேம்மா? எந்தப் பக்கம்?"

தோட்டத்தில் இந்தக் கேள்வியை ஆசையாகக் கேட்பார்கள். ஒரே ஜில்லா என்று தெரிந்தால் மாமா, அத்தை என்று அங்கேயே உறவு வைத்துவிடுவார்கள். நானும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"திருச்சி பக்கம் ஆன்ட்டி. பூட்டனாரு பறையடிப்பாரு. விடியக்காலம் அவரு அடிச்சாத்தான் மொத்தத் தோட்டமும் எழும்பி வேலைக்குப் போகுமாம்."

"ஓ," என்றார் ஆன்ட்டி. அடுத்த கரண்டிச் சோறு என் தட்டில் கொஞ்சம் உயரத்திலிருந்து விழுந்தது.

மறுநாள் எல்லோருக்கும் எவர்சில்வர் தட்டு. எனக்கு மட்டும் பச்சைப் பூப்போட்ட பிளாஸ்டிக் தட்டு. கடல் தாண்டி வந்த பிள்ளை என்று தனி மரியாதை செய்கிறார் என நினைத்தேன். அம்மாவுக்கு ஃபோன் போட்டு அதைப் பெருமையாக வேறு சொன்னேன். அம்மா பூரித்துப்போனாள்.

இரண்டு நாள் கழித்து, சாப்பிட்ட தட்டைச் சமையலறைத் தொட்டியில் போடப் போனேன். பாத்திரம் தேய்க்கும் அக்கா தடுத்தார்.

"இதுல போடாதம்மா. வெளிய குழாயில கழுவி, அங்க ஜன்னல் மேல வெச்சிடு. ஓனரம்மா சொல்லிட்டாங்க."

"ஏன்க்கா?"

"என் லோட்டாவும் அங்கதான் இருக்குது," என்றார்.

கழிவறைக்குப் பக்கத்துக் குழாய் அது. நின்று பார்த்தேன். அப்புறம் அங்கேயே குனிந்து, சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தேன். சாதி தெரியாதவள் இல்லை நான். எங்கள் தோட்டத்திலும் உண்டு. ஆனால் வாசலில் கம்பெனி கார்கள் நிற்கிற தெருவில், பூஜைக்குப் பூவைக்கூட ஆப்பில் வாங்குகிற வீட்டில், அது இருக்காது என்று நம்பிவிட்டேன்.

தாளில் இன்னும் கையெழுத்து விழவில்லை. "நாளைக்குப் போடறேம்மா" என்று ஆன்ட்டி இழுத்துக்கொண்டிருந்தார். கெடுவுக்கு எட்டு நாள் இருந்தது. எட்டு நாளும் அந்தத் தட்டில் சாப்பிட்டேன். கழுவி ஜன்னல் மேல் வைத்தேன். எதிரே வந்தால் அவரைப் பார்த்துப் பல்லிளித்தேன். தாள் மட்டும் கைக்கு வரட்டும், அந்தம்மா நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுகிறேன் என்று நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். குளிக்கும்போதும் பஸ்ஸிலும் அவற்றைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கடைசி நாள் காலை கூப்பிட்டார். கையெழுத்துப் போட்டார். தாளை என் கையில் தராமல் டீப்பாயில் வைத்து என் பக்கம் தள்ளினார். எடுத்துப் படித்தேன். பெயர், பாஸ்போர்ட் எண், எல்லாம் சரியாக இருந்தன. இனி அவரிடம் எனக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை.

"நல்லா படிம்மா," என்றார்.

நாலு வாக்கியமும் அச்சுப் பிசகாமல் ஞாபகத்தில் இருந்தன. வாயைத் திறந்தேன்.

"தேங்க்ஸ் ஆன்ட்டி. மத்தியானம் என்ன சாப்பாடு?" என்றேன்.