அன்வரியின் ஆமைக் குஞ்சுகள்

அன்வரி பேகம் டீ ஊற்றினால் கோப்பையில் நிற்காது, சாசரில் வழியும். அடையாறு ஆய்வுக்கூடத்துக் கேன்டீனில் அவள் உட்கார்ந்து எழுந்த மேசை தனியாகத் தெரியும்.

"காத்துக்கு எடம் வுடக் கூடாது மாளவி. கை பழகிட்ச்சு."

"உன் அமீபா குடிக்கற டீயாடி இது? என் புடவையெல்லாம் கறை," என்பாள் மாளவிகா.

"உங்க ஆத்துல மாதிரி அரை டம்ளர் ஊத்திக்கினு நுரை பாத்துக்கினு இருக்க எனக்கு நேரமில்ல."

மயிலாப்பூர் மாளவிகாவும் திருவல்லிக்கேணி அன்வரியும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பக்கத்துப் பக்கத்து மேசை. மாளவிகா வளர்த்தது எலியின் செல்கள். அன்வரி வளர்த்தது ஊர்வனவற்றின் குடலில் வாழும் ஒட்டுண்ணி அமீபா. கிண்டிப் பூங்காவில் வயிறு கெட்டுப்போன ஓர் ஆமையின் மலத்திலிருந்து அவளே பிரித்தெடுத்தது. எம்.எஸ்ஸி. படித்த மகள் என்ன செய்கிறாள் என்று தெருவில் யாராவது கேட்டால், குடை ரிப்பேர் கடை வைத்திருந்த அவள் அப்பா, "ஆமை பீ பாத்துக்கினு கீறா, நல்ல சம்பளம்" என்பாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். குழாயில் இருந்தவற்றுக்கு அவள் வைத்த பெயர் ஆமைக் குஞ்சுகள்.

அந்த அமீபாவுக்கு இரண்டு வாழ்க்கை. காற்றில்லாத குடலுக்குள் கால் நீட்டி ஊர்ந்து, தின்று பெருகும். அதனால்தான் குழாயையும் விளிம்புவரை நிரப்பி மூடுவாள் அன்வரி. நிலைமை கெட்டால் உருண்டு, கெட்டியான உறை போர்த்திக்கொண்டு, அடுத்த விலங்கு விழுங்கும்வரை கிடக்கும். உறை போடு என்று அதற்கு யார் சொல்வது? அன்வரியின் கேள்வி அதுதான். பட்டினி சொல்கிறது என்பது எல்லோரும் அறிந்த பதில். ஆக்சிஜனும் சொல்கிறது என்றாள் அவள். நமக்கு மூச்சாக இருக்கும் ஆக்சிஜன் அதன் உடம்புக்குள் அரிக்கும் பொருளாக மாறிவிடும். துளி ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் உருண்டுகொள்ளும், கூடிப்போனால் செத்துவிடும். "சாவடிக்கிற அடி வேற, உஷார் படுத்துற அடி வேற" என்பாள்.

போன ஜூனில் பஸ்ஸுக்கு நின்றவள் சாய்ந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. மறுநாளே அடக்கம்.

அன்வரியை ஆபா என்று கூப்பிடும் தங்கை குல்சும் மாளவிகாவிடம் கேட்டது ஒன்றுதான். "அக்கா, ஆபா வளத்ததெல்லாம் உசுரோட கீதா? நாப்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிஞ்சி வந்து ஒரு தடவ பாக்கட்டா?"

மாளவிகா வாக்குக் கொடுத்தாள். ஃப்ரீசரில் இருந்த மாதிரிகள் மழையில் கரண்ட் போனபோதே கெட்டுவிட்டன. மிச்சம் மூன்றே குழாய்கள். அவற்றைப் புது ஊட்டத் திரவத்துக்கு மாற்றும்போது அவள் மனம் வேறெங்கோ இருந்தது. கை தன் பழக்கத்தில் போயிற்று. எலிச் செல்லுக்குக் காற்று வேண்டும். ஆகவே மூன்றிலும் பாதிதான் ஊற்றி மூடினாள்.

குல்சும் வருவதற்கு முந்தின நாள் குழாய்களை எடுத்தபோதுதான் மேலே காலியாக இருந்த பாதியைப் பார்த்தாள். மைக்ராஸ்கோப்பில் ஒன்றுகூட ஊரவில்லை. எல்லாம் அசையாத உருண்டைகள். காத்துக்கு எடம் வுடக் கூடாது. நூறு தடவை காதில் விழுந்த ஒரே பேச்சு. அதைக்கூடக் கைக்குச் சொல்லத் தெரியவில்லையே என்று உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு, அன்வரி செய்து பார்த்திருந்த ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு துளியை எடுத்து அதில் சோப்புப் போன்ற கரைசலை விட்டாள். செத்த செல்லானால் கரைந்துபோகும். சில கரைந்தன. மற்றவை, பளபளக்கும் ஓரத்தோடு, அப்படியே நின்றன. அவள் விட்டுவைத்த காற்றுக்குப் பயந்து உறை போட்டவை அவை. கொஞ்சத்தை மட்டும் காற்றுப் புகாமல் மூடிய ஒரு சிறு தட்டில் புதுத் திரவத்தில் இட்டாள்; அவை எழுந்தால் மீதிக்கும் ஊற்றலாம் என்று குழாய்களை அப்படியே வைத்தாள். உறைக்குள் இருப்பது உயிரோடு வெளியே வருமா என்பது மட்டும் தெரியாது.

குல்சும் வந்தபோதும் ஒன்றும் அசைந்திருக்கவில்லை.

"நான் கெடுத்துட்டேன் குல்சும். காத்து விட்டுட்டேன். எல்லாம் சுருண்டுண்டு கிடக்கு. எழுந்துக்குமான்னு தெரியலை."

குல்சும் பர்தாவை ஒதுக்கிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தூங்கிக்கினு கீது எல்லாம்." பிறகு, "அக்கா, இந்த ஓரத்துல ஒண்ணு கிழிஞ்ச மாதிரி கீது. இன்னாமோ வெளிய பிதுங்குது."

மாளவிகா குனிந்தாள். உறையின் ஒரு கீறலிலிருந்து பிசுபிசுவென்று ஒரு கால் நீண்டு, தயங்கி, இன்னொரு பக்கம் நீண்டது.

அவள் ஒரு குழாயை எடுத்து மூடியைத் திறந்து ஊட்டத் திரவத்தை ஊற்றினாள். கழுத்துவரை வந்தும் நிறுத்தவில்லை. விளிம்பு தாண்டி, கையுறை மாட்டிய விரல்களில் வழிந்து மேசையில் சொட்டியது.

"ஆபா டீ ஊத்துற மாதிரியே கீது," என்றாள் குல்சும்.

மாளவிகா மூடியை இறுக்கித் திருகினாள்.